சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா? செவிலியர் கேள்வி பதில்

செட்டிநாட்டுப் பக்கமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, வீட்டு நர்ஸிங் பற்றியவை. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும், பெரியவர்கள் மட்டும் ஊரில், கூட ஒரு சிஸ்டர் என்று எத்தனையோ வீடுகள் ஆகிவிட்ட பிறகு வேறு எப்படி இருக்கும்? பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டிருந்ததால் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொண்டோம்.

வீட்டு நர்ஸ், கானாடுகாத்தான்:
82 வயது ஆச்சிக்கு எட்டு மாதமாகத் துணை இருக்கிறேன். காலையில் 20 யூனிட், இரவில் 12 யூனிட் கலப்பு இன்சுலின். இதுவரை இங்கே மருந்துக் கடையில் வாங்கியதைப் போட்டுவந்தேன். போன மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த மகன் ஆறு குப்பி கொண்டுவந்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, "அதே மருந்துதான் சிஸ்டர், அதே அளவு போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். குப்பியில் 100 என்று போட்டிருக்கிறது. பழைய சிரிஞ்சிலேயே போடலாமா? சுகர் ஏறினால் அவரே வாட்ஸ்அப்பில் டோஸை மாற்றச் சொல்கிறார். அதைக் கேட்கலாமா? ஆச்சி ராத்திரியில் தனியாக எழுந்து நடக்கிறார்கள், அதுவும் பயமாக இருக்கிறது.

பதில்: போடவே கூடாது. கடிதம் எழுதிக் கேட்டீர்களே, அதுவே நல்ல காலம். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் இன்சுலின் குப்பிகளில் பெரும்பாலானவை 40 யூனிட் வகை. அதாவது 1 மி.லி.யில் 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. வெளிநாட்டிலிருந்து வருவது 100 யூனிட் வகை, 1 மி.லி.யில் 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது அரை மி.லி. இங்கே வாங்கிய குப்பியென்றால் அது 20 யூனிட். மகன் கொண்டுவந்த குப்பியென்றால் 50 யூனிட். இரண்டரை மடங்கு! 82 வயதில் காலையில் இட்லி இரண்டு சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறவருக்கு 50 யூனிட் போனால் பதினோரு மணிக்குள் வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். "ஆச்சி நன்றாகத் தூங்குகிறார்கள்" என்று வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். தலைகீழாக நடந்தாலும் ஆபத்துதான். 40 வகைக் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் வருவது 0.2 மி.லி., வெறும் 8 யூனிட். சுகர் நாலு நாளில் 400-ஐத் தொட்ட பிறகு, "இன்சுலினே கேட்கவில்லை" என்று டோஸை ஏற்றிவிடுவார்கள்.

இரண்டரையால் வகுத்துப் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். கணக்கு சரிதான், 20 யூனிட்டுக்குச் சிவப்பு மூடியில் 8 கோடு. ஆனாலும் அந்த வழிக்குப் போகாதீர்கள். நீங்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது மாற்றாக வரும் பெண்ணுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்காது, சீட்டில் உள்ள 20-ஐப் பார்த்து 20 கோடுதான் இழுப்பார். ஒரு வீட்டில் ஒரே வகைதான் இருக்க வேண்டும். சிங்கப்பூர் குப்பியையே போடுவதென்றால் ஆரஞ்சு மூடி சிரிஞ்சு ஒரு பெட்டி வாங்கிவிட்டு, வீட்டிலிருக்கும் சிவப்பு மூடி ஒவ்வொன்றையும் தேடி எடுத்து அப்புறப்படுத்துங்கள். அலமாரி, சாமி அறை மாடம், ஆச்சியின் கைப்பை என்று எங்கெல்லாமோ கிடக்கும்.

அதற்கு முன்பு "அதே மருந்துதான்" என்பதையும் சரிபார்க்க வேண்டும். கலப்பு இன்சுலின் என்பது வேகமாக வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் கலந்தது, அதில் 30/70 உண்டு, 50/50 உண்டு. பழைய மனித இன்சுலின் கலப்பைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடுவோம். புது வகை அனலாக் கலப்பைப் போட்டதும் சாப்பிட உட்கார வேண்டும். இதை மாற்றிச் செய்தால் அளவு சரியாக இருந்தும் சுகர் இறங்கிவிடும். பழைய காலிக் குப்பியையும் புதுக் குப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, ஆச்சியை வழக்கமாகப் பார்க்கும் காரைக்குடி டாக்டரிடம் காட்டி, சீட்டில் புதிதாக எழுதி வாங்குங்கள். இன்னொன்று, விமானத்தில் அதைக் கைப்பையில் கொண்டுவந்தாரா, பெட்டியில் போட்டு அனுப்பினாரா என்று மகனிடம் கேளுங்கள். சரக்குப் பகுதிக் குளிரில் இன்சுலின் உறைந்துவிடலாம். உறைந்து இளகிய கலப்பு இன்சுலினை உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து இருபது முறை உருட்டினாலும் ஒரே சீரான பால் போல ஆகாது. திட்டுத் திட்டாகவோ குப்பிச் சுவரில் பனி படிந்தது போலவோ தெரிந்தால் விலை பார்க்காமல் குப்பையில் போட வேண்டியதுதான். திறந்த குப்பியில் தேதி எழுதி ஒட்டுங்கள், 28 நாள் கணக்கு. கத்திரி வெயிலில் கரண்ட் நிற்கும் ஊர் நம்முடையது. ஈர மணல் போட்ட பெரிய சட்டிக்குள் சின்னச் சட்டியை வைத்து அதற்குள் குப்பியை வைத்தால் தாங்கும். ஃப்ரீஸருக்குள் மட்டும் போய்விடக் கூடாது.

சுகர் இறங்கினால் செய்ய வேண்டியதையும் அடுப்படிச் சுவரில் ஒட்டிவையுங்கள். 70-க்குக் கீழே, நினைவு இருக்கிறது என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். நினைவு இல்லையென்றால் வாயில் ஒரு சொட்டு ஊற்றக் கூடாது, 108.

வாட்ஸ்அப் டோஸ் விஷயத்தில் மகன்மேல் குற்றமில்லை, அக்கறைதான். ஆனால் அவர் சொல் மருந்துச் சீட்டு ஆகாது. "சரி சார், டாக்டரிடம் இந்த ரீடிங்கை அனுப்பி எழுதி வாங்கிவிட்டு மாற்றுகிறேன்" என்று அதே வாட்ஸ்அப்பில் பதில் போடுங்கள். மறுத்தது போலவும் இருக்காது, உங்கள் பக்கம் எழுத்தும் இருக்கும். டாக்டரே போனில் சொன்னாலும் "இரவு 12 இல்லை, 10, சரியா டாக்டர்?" என்று திருப்பிச் சொல்லி, நேரத்தோடு நோட்டில் குறித்து, அடுத்த முறை பார்க்கும்போது கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

இனி ராத்திரி நடை. செட்டிநாட்டு வீடு கல்யாணத்துக்குக் கட்டியது, படுத்த படுக்கையானவருக்கு அல்ல என்று சொல்லத் தோன்றுகிறது. அறையிலிருந்து வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றிக்கொண்டு இரண்டாங்கட்டு தாண்டிப் பின்னால் போனால்தான் கழிப்பறை. வழியில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு படி. மழை பெய்தால் வளவைச் சுற்றிலும் சாரல், ஆத்தங்குடிக் கல்லில் ஈரம் பட்டால் வழுக்கும். கட்டிலுக்குப் பக்கத்திலேயே கமோடு நாற்காலி போட்டுவிட்டால் இந்த நடை முழுக்க மிச்சம். சக்கர நாற்காலி போக வேண்டுமென்றால் நிலைப்படிக்குச் சாய்வுப் பலகை தேவை. உயரத்துக்குப் பன்னிரண்டு மடங்கு நீளம் என்பது கணக்கு, ஆறு அங்குலப் படிக்கு ஆறு அடிப் பலகை. நம் ஆசாரிகள் இரண்டடிப் பலகையைச் செங்குத்தாக வைத்து "போதும்" என்பார்கள். போதாது, நாற்காலி பின்னால் சரியும்.

வீட்டு நர்ஸ், தேவகோட்டை:
நோயாளியைப் பார்க்கத்தான் வந்தேன். இப்போது சமையல், பாத்திரம், வருகிறவர்களுக்குக் காபி என்று எல்லாம் என் தலையில். மறுத்தால் முகம் கோணுகிறது.

பதில்: வந்த முதல் நாளே பேசியிருக்க வேண்டியது. இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஒரு தாளில் உங்கள் நாளை நேரவாரியாக எழுதுங்கள். இரண்டு மணிக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்தல், குழாய் வழி உணவென்றால் தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை உயர்த்தி ஒரு வேளைக்கு 200 மி.லி., முடிந்ததும் 30 மி.லி. தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுதல், அதன்பின் அரை மணி நேரமாவது அதே சாய்வில் வைத்திருத்தல், சிறுநீர்ப் பை அளந்து காலி செய்தல், வாய் கழுவுதல். எழுதிப் பார்த்தால் அடுப்படியில் நிற்க நேரம் எங்கே என்பது அவர்களுக்கே தெரியும். நோயாளியின் கஞ்சியை நீங்கள் காய்ச்சுவது நர்ஸிங்கில் சேரும். விருந்தாளிக் காபி சேராது. ஏஜென்சி வழி வந்திருந்தால் அந்தத் தாளில் அவர்கள் கையெழுத்தும் இருக்கட்டும்.

ஆரம்ப சுகாதார நிலைய ஸ்டாஃப் நர்ஸ், திருப்பத்தூர் பக்கம்:
நைட் டூட்டியில் பாம்புக்கடி என்று ஒருவர் வந்தார். விஷம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்து டெஸ்ட் டியூபில் வைத்தேன், 20 நிமிடத்தில் உறையவில்லை. போனில் டாக்டரிடம் சொல்லி 108-ல் ஏற்றி அனுப்பினோம். பெரிய ஆஸ்பத்திரியில் திரும்பப் பார்த்தபோது உறைந்துவிட்டதாம். "டெஸ்ட் வைக்கக்கூடத் தெரியாதா" என்று கேட்டுவிட்டார்கள். நான் எங்கே தப்பு செய்தேன்?

பதில்: அனுப்பியது தப்பே இல்லை. டெஸ்டில் பிசகு என்றால் அது பெரும்பாலும் உங்கள் கையில் இல்லை, டெஸ்ட் டியூபில்தான் இருந்திருக்கும்.

ரத்தம் கண்ணாடிச் சுவரைத் தொடுவதால்தான் உறையும் வேலை கிளம்புகிறது. பிளாஸ்டிக்கில் அது சரியாக நடக்காது. சோப்புத் தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியிலும் நடக்காது, உள்சுவரில் ஒட்டியிருக்கும் சோப்புப் படலம் தடுத்துவிடும். பகலில் லேபில் கழுவிக் கவிழ்த்து வைத்த டியூபை ராத்திரி அவசரத்தில் எடுத்துப் பயன்படுத்துவது எங்கும் நடப்பதுதான். விஷமே ஏறாதவர் ரத்தமும் அதில் உறையாமல் நிற்கும். ஆகவே புதிய, காய்ந்த, கண்ணாடி டியூப் பத்தை ஒரு டப்பாவில் போட்டு "பாம்புக்கடிக்கு மட்டும்" என்று எழுதி, எமர்ஜென்சி டிரேயிலேயே வைத்துவிடுங்கள். ஒருமுறை பயன்படுத்தியதைத் திரும்பக் கழுவி அந்த டப்பாவில் போட வேண்டாம்.

வைக்கும் முறை: கடிபடாத, ட்ரிப்ஸ் போகாத கையிலிருந்து 2 மி.லி. ரத்தம். டியூபில் விட்டு ஸ்டாண்டில் நிறுத்தி, நேரத்தை டேப்பில் எழுதி ஒட்டுங்கள். பிறகு கை வைக்கக் கூடாது. நடுவில் இரண்டு முறை சாய்த்துப் பார்ப்பது நம்மவர்கள் வழக்கம், அதுவும் முடிவைக் கெடுக்கும். 20 நிமிடம் ஆனதும் ஒரே முறை சாய்க்க வேண்டும். தண்ணீராக ஓடினால் உறையவில்லை. சந்தேகம் இருந்தால் கூட வந்தவரின் ரத்தத்தை இன்னொரு டியூபில் வையுங்கள். அதுவும் ஓடினால் டியூப்தான் குற்றவாளி.

எதிர்த்திசைப் பிசகு இதைவிட மோசம். தனி ஆளாக நிற்கிறீர்கள், டியூபை வைத்த பத்தாம் நிமிடம் லேபர் ரூமிலிருந்து கூப்பிடுகிறார்கள், திரும்பி வரும்போது 40 நிமிடம் ஆகிவிட்டது. இப்போது உறைந்திருக்கிறது. இதை "நார்மல்" என்று எழுதினால், தாமதமாக உறைந்த ரத்தத்தைச் சரியாக உறைந்ததாகக் கணக்குக் காட்டிவிட்டோம். செல்போனில் 20 நிமிட அலாரம் வைத்து ஆயாம்மா கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

உறைந்துவிட்டாலும் ஆளை வீட்டுக்கு அனுப்ப அது போதாது. ரத்தத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும்தான். கட்டுவிரியன் கடித்தால் டியூபில் ரத்தம் அழகாக உறையும், ஆள் மூச்சுக்குத் திணறுவார். தரையில் பாய் விரித்துப் படுத்தவர் விடியற்காலை வயிற்று வலி என்று வந்து, கடிவாய் எதுவும் தெரியாமல், இமை மட்டும் கீழே இறங்கியிருந்தால் முதலில் கட்டுவிரியனைச் சந்தேகப்படுங்கள். "மேலே பாருங்க" என்று சொல்லி விரலைக் காட்டி, இமை ஏறுகிறதா என்று பார்ப்பதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். முதல் டெஸ்டில் உறைந்தவருக்கு ஒரு மணிக்கு ஒரு தடவையாக மூன்று மணி நேரம், பிறகு ஆறு மணிக்கு ஒரு தடவையாக 24 மணி நேரம் திரும்ப வைக்க வேண்டும்.

விஷமுறிவு மருந்து ஏற்றச் சொன்னால் ஒவ்வொரு குப்பித் தூளிலும் 10 மி.லி. தண்ணீர் மருந்து (ஊசிக்கான கிருமியில்லாத நீர்) விட்டுச் சுழற்றிக் கரையுங்கள், குலுக்கினால் நுரைத்துவிடும். முதல் தவணை பெரும்பாலும் 10 குப்பி, சலைனில் கலந்து சுமார் ஒரு மணி நேரத்தில் போக வேண்டும். குழந்தைக்கும் அதே குப்பிக் கணக்குதான், ஏனென்றால் பாம்பு குழந்தைக்கென்று விஷத்தைக் குறைத்துக் கக்குவதில்லை. சலைன் அளவு மட்டும் குறையும். ட்ரிப்ஸைத் திறப்பதற்கு முன்பே 1:1000 அட்ரினலின் அரை மி.லி.யைச் சிரிஞ்சில் ஏற்றி, பெயர் ஒட்டித் தலைமாட்டில் வைத்துவிடுங்கள். அது பெரியவர் அளவு, குழந்தைக்கு எடைக்குத் தக்கபடி டாக்டரிடம் கேட்டு ஏற்றுங்கள். அரிப்பு, தடிப்பு, நடுக்கம், வாந்தி எது தொடங்கினாலும் ட்ரிப்ஸை நிறுத்தி, அதைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். அரிப்பு வந்த பிறகு ஆம்பியூலைத் தேடக் கூடாது. கட்டுப் போட்டு வந்தவருக்குக் கட்டைச் சட்டென்று அவிழ்ப்பதும் வேண்டாம், மருந்தும் டாக்டரும் தயாரான பிறகு அவிழ்க்கலாம்.

ஸ்டாஃப் நர்ஸ், பள்ளத்தூர்:
ஊசி போட்டுவிட்டு மூடியைத் திருப்பி மாட்டும்போது விரலில் குத்திவிட்டது. விரலைப் பிதுக்கி ரத்தத்தை எடுத்து, ஸ்பிரிட் ஊற்றினேன். நோயாளிக்கு என்ன இருக்கிறது என்று தெரியாது. மூன்று நாளாகத் தூக்கமில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

பதில்: மூன்று நாள் என்பதுதான் கவலையாக இருக்கிறது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்துக்குள் தொடங்கியே ஆக வேண்டும். உங்கள் கடிதம் எங்களை அடைந்தபோதே அந்தக் கெடு முடிந்திருந்தது. தபாலில் இருந்த முகவரிக்கு உடனே தனியாகப் பதில் அனுப்பிவிட்டோம். இங்கே எழுதுவது மற்றவர்களுக்காக.

குத்தியவுடன் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், விரலை வாயில் வைக்க வேண்டாம், ஸ்பிரிட்டும் பிளீச்சும் வேண்டாம். அவை திசுவை எரித்து வழியைத் திறந்துதான் விடும். கழுவிய கையோடு இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லி, நேரம், ஊசி வகை, நோயாளியின் பதிவு எண் எழுதிய விபத்துக் குறிப்பு போட வேண்டும். நாளைக்கு ஏதாவது என்றால் அது வேலையில் வந்தது என்று காட்ட அந்த ஒரு தாள்தான் சாட்சி. அடுத்து, நேராக அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டி. மாத்திரை இலவசம், ஒரு நாளைக்கு ஒன்று, 28 நாள். நோயாளியின் ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்காமல் முதல் மாத்திரையைப் போட்டுவிடலாம், அவருக்கு இல்லையென்று தெரிந்தால் டாக்டர் நிறுத்திவிடுவார். உங்கள் ரத்தத்தை அன்றே ஒருமுறை, பிறகு 6 வாரம், 3 மாதம், 6 மாதம் என்று பார்ப்பார்கள்.

பயத்தின் அளவு சரியான இடத்தில் இருக்கட்டும். எச்.ஐ.வி. உள்ளவரின் ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், ஆயிரத்தில் மூன்று. மஞ்சள் காமாலை பி வகை, தடுப்பூசி போடாதவருக்கு 6 முதல் 30 சதவீதம் வரை போகும். எல்லாரும் முன்னதற்கு நடுங்குகிறார்கள், பின்னதற்குத் தடுப்பூசி இருந்தும் இரண்டு டோஸோடு விட்டுவிடுகிறார்கள். 0, 1, 6 மாதம் என மூன்று. மூன்றாவது முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்புச் சக்தி அளவு 10-க்கு மேல் வந்திருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை. நீங்கள் இதையாவது இந்த வாரமே பாருங்கள், 6 வாரப் பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள்.

குத்தியது எதனால் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்: மூடியைத் திருப்பி மாட்டியதால். போட்ட ஊசிக்கு மூடி தேவையில்லை. ஊசியை வெட்டும் கட்டர் கைக்கெட்டும் இடத்தில் இல்லாததால்தான் மாட்டுகிறோம். கட்டரையும் வெட்டிய ஊசிக்கான வெள்ளை டப்பாவையும் டிராலியிலேயே தள்ளிக்கொண்டு போங்கள். டப்பா முக்கால் நிறைந்ததும் மாற்றிவிட வேண்டும். அமுக்கி அடைக்கும்போதும் குத்தும், துப்புரவுப் பணியாளர் கையிலும் குத்தும்.

ஆண் செவிலியர், புதுவயல்:
என்னையும் "சிஸ்டர்" என்றே கூப்பிடுகிறார்கள். சிரிப்பதா, கோபப்படுவதா?

பதில்: "பிரதர்னு கூப்பிடுங்க பாட்டி" என்று ஒருமுறை சொல்லிவிட்டு ட்ரிப்ஸைப் பாருங்கள். பாட்டிக்குக் கூப்பிட்ட குரலுக்கு ஆள் வந்தால் போதும். கவனிக்க வேண்டியது வேறு. பெண் நோயாளிக்குச் சிறுநீர்க் குழாய் போடுவது போன்ற வேலைகளில் முன்கூட்டிச் சொல்லிச் சம்மதம் கேட்டு, பெண் ஊழியர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, அவர் பெயரையும் கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள்.

டிப்ளமா நர்ஸ், காரைக்குடி:
வேலையில் சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருட பாண்டு. ஒன்றரை வருடம் முடிந்தது. கல்யாணம் ஆகிப் போக வேண்டும். ஒரு லட்சம் கட்டினால்தான் சான்றிதழ் என்கிறார்கள்.

பதில்: இரண்டு விஷயத்தையும் பிரித்துப் பாருங்கள். பாண்டு வேறு, சான்றிதழ் வேறு.

சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல, பணத்துக்காக அதைப் பிடித்துவைக்க முடியாது என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் கல்வி நிறுவன வழக்குகளில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பாண்டு எல்லாமே செல்லாது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை மட்டும் நம்ப வேண்டாம். 2025-ல் ஒரு வங்கி ஊழியர் வழக்கில், குறைந்தபட்சப் பணிக்கால பாண்டு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி, தாளில் எழுதிய தொகை உச்ச வரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கேட்க முடியும். உங்களுக்கு அவர்கள் தனிப் பயிற்சி தந்து செலவு செய்யவில்லை என்றால் அதுவும், முக்கால் பங்குக் காலம் முடிந்துவிட்டது என்பதும் பேரத்தில் உங்கள் பக்கம் நிற்கும்.

முதலில் பாண்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள், அல்லது படமெடுத்துவிடுங்கள். கையெழுத்துப் போட்டதை ஒருமுறைகூடப் படிக்காதவர்கள்தான் அதிகம். அதில் உள்ள முன்னறிவிப்புக் காலத்தைக் கணக்கிட்டு, கடைசி வேலை நாளைத் தேதியாகக் குறிப்பிட்டு ராஜினாமா எழுதுங்கள். அதே கடிதத்தில் ஒவ்வொரு சான்றிதழின் பெயரும் எண்ணும் எழுதி, "இவை என் அசல் ஆவணங்கள், இந்தத் தேதிக்குள் தர வேண்டும்" என்று கேளுங்கள். நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் சேர்ந்துவிட்டதாக இணையத்தில் காட்டும் பக்கத்தையும் அச்செடுத்து வையுங்கள். நடுவில் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள், "ஓடிப்போனவர்" என்று அவர்கள் எழுத நீங்களே இடம் கொடுத்ததாகிவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தொலைபேசி 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். வக்கீல் நோட்டீஸ் ஒன்று போனதும் பீரோ திறந்துகொள்வது வழக்கம்.

வெளியே வரும்போது அனுபவச் சான்றிதழை மறக்க வேண்டாம். சேர்ந்த தேதி, விலகிய தேதி, எந்த வார்டு, மருத்துவமனையின் படுக்கை எண்ணிக்கை, கையெழுத்துப் போட்டவரின் பதவி எல்லாம் லெட்டர்ஹெட்டில் வேண்டும். "இவர் நல்லவர், கடின உழைப்பாளி" என்ற இரண்டு வரிச் சான்றிதழ் எங்கேயும் எடுபடாது.

ஸ்டாஃப் நர்ஸ், பொன்னமராவதி:
சவுதி வேலைக்கு ஒரு ஏஜென்ட் இரண்டரை லட்சம் கேட்கிறார். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். அப்பா நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார்.

பதில்: அப்பாவை நிறுத்துங்கள். பர்மா, மலேயா என்று கப்பலேறிய ஊர்களில் வெளிநாட்டுப் பேச்சு என்றாலே ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது, அதைத்தான் இவர்கள் விற்கிறார்கள்.

பதிவு பெற்ற ஏஜென்ட், ஆளிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. மொத்தம் 35,400. ரசீதோடு. அதற்கு மேல் கேட்பதே விதிமீறல். சவுதி உட்பட, குடியகல்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்குச் செவிலியர்களை அரசு சார்ந்த நிறுவனங்கள் வழியாகவே தேர்வு செய்ய வேண்டும் என்று 2015-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்வது சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். எந்த ஏஜென்ட் பெயரையும் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டு உரிம எண் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கலாம். விசிட் விசாவில் போய் வேலை பார்ப்பவருக்கு அங்கே சட்டப்படி சம்பளம் கேட்கவும் வழி கிடையாது. உங்கள் சான்றிதழும் அனுபவமும் டேட்டாஃப்ளோ என்ற நிறுவனத்தின் சரிபார்ப்பைத் தாண்டி, உரிமத்துக்கான பிராமெட்ரிக் தேர்வும் எழுதினால்தான் வார்டுக்குள்ளேயே விடுவார்கள். இதையெல்லாம் தாண்டி "எனக்கு உள்ளே ஆள் இருக்கிறது" என்பவர் உங்களை எதற்கு அனுப்புகிறார் என்று யோசிக்க வேண்டும்.

பிரிட்டன் பக்கம் யோசித்தால், அங்குள்ள நெறிமுறைப்படி செவிலியரிடம் ஏஜென்சி ஒரு பைசா வாங்கக் கூடாது. மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யில் கேட்டல், படித்தல், பேசுதல் மூன்றிலும் பி, எழுத்தில் சி பிளஸ் வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இடிப்பது பேச்சைவிட எழுத்துதான். அங்கே கேட்பது கட்டுரையல்ல, ஒரு நோயாளியை இன்னொருவரிடம் ஒப்படைக்கும் கடிதம். கொடுத்த கேஸ் குறிப்பில் எதை விட வேண்டும் என்று தெரிந்தவருக்கு மதிப்பெண். தினமும் டூட்டி முடிந்து அடுத்தவருக்கு ஓவர் கொடுக்கும்போது ஒரு நோயாளியையாவது ஆங்கிலத்தில் 180 வார்த்தைக்குள் எழுதிப் பாருங்கள், கோச்சிங் சென்டருக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி மிஞ்சும்.

நர்ஸ், கோட்டையூர்:
இரவு 8 முதல் காலை 8 வரை டூட்டி. விடியற்காலை மூன்று மணிக்கு மருந்து கலக்கும்போது எழுத்து இரண்டாகத் தெரிகிறது.

பதில்: மூன்றிலிருந்து ஐந்து வரை உடம்பு தூங்கத்தான் பார்க்கும், மன உறுதியால் அதை மாற்ற முடியாது. அந்த நேரத்துக்குரிய கணக்குகளை 12 மணிக்கே முடித்துத் தாளில் எழுதிவிடுங்கள். 1 மி.லி.க்கு 20 சொட்டு விடும் ட்ரிப்ஸ் செட்டுக்கு, மணிக்கு இத்தனை மி.லி. என்பதை மூன்றால் வகுத்தால் நிமிடச் சொட்டு. 500 மி.லி. நாலு மணி நேரத்தில் என்றால் மணிக்கு 125, நிமிடத்துக்கு 42. பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலை மட்டும் மற்ற ஆம்பியூல்களோடு ஒரே டிரேயில் வைக்காதீர்கள், தூக்கக் கண்ணுக்கு அதுவும் தண்ணீர் மருந்தும் ஒன்றுபோலத் தெரியும், நேராக நரம்பில் போனால் இதயம் நின்றுவிடும். அதைக் கலக்கும்போது இன்னொருவர் லேபிளை உரக்கப் படிக்கட்டும். இன்னொரு சிஸ்டர் இருந்தால் முறை வைத்து 20 நிமிடம் கண் மூடுங்கள், அதற்கு மேல் போனால் எழுந்ததும் இன்னும் மந்தம். காபி மூன்று மணியோடு சரி, பிறகு குடித்தால் பகல் தூக்கம் போய்விடும். காலையில் ஸ்கூட்டியை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் போங்கள், இறங்கும் இடத்தைக் கண்டக்டரிடம் முன்பே சொல்லிவைத்துவிடுங்கள்.